பதினோராவது வருடத்துக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் உங்கள் ஊர்ப் புதுக் குடிநீர்த் திட்ட அறிக்கையின் சுருக்கமும் வந்து சேர்ந்தன. சுருக்கமே நாற்பது பக்கம் இருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாளில் படித்து முடித்தார். நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். முப்பத்தொரு வருடம் குடிநீர்க் கட்டண வசூல் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு அதுதான் பழக்கம். கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவேன்.

ஊர்க் குழுவில் கணக்குப் பார்க்க உன்னைச் சேர்த்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்வியில் எனக்கு ஒரு குறை. அரசு மானியம், நீண்டகாலக் கடன், தானே கட்டி முப்பது வருடம் நடத்தி வசூலித்துக்கொள்கிறேன் என்று வந்திருக்கும் நிறுவனம், இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்கிறாய். மூன்றுமே கட்டி முடிக்கும்வரையிலான பணத்தைப் பற்றிய பேச்சு. திறப்பு விழா முடிந்து, படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதினோராவது வருடம் ஒரு நாள் மோட்டார் எரியும். அன்றைக்குப் பணத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள்? நாற்பது பக்கத்திலும் இதற்குப் பதில் தேடினேன், இல்லை.

நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த இடத்தில் இதுதான் நடந்தது. முழுக்க முழுக்க மானியத்தில் கட்டிய திட்டம். ஒரு காசு கடன் இல்லை என்று எங்களுக்கெல்லாம் பெருமை. கடன் இல்லை என்பதால் கட்டணமும் பெயருக்குத்தான். வசூலானது சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் இழுத்துப்பிடித்துச் சரியாக இருந்தது. தேய்கிற மோட்டாருக்கு மாற்று வாங்க ஒரு தலைப்பே எங்கள் பேரேட்டில் கிடையாது. அந்தப் பேரேட்டை வருடக்கணக்காக எழுதியவள் நான்தான். எனக்கும் அது உறைக்கவில்லை. மோட்டார் எரிந்தது. ஒப்புதல், டெண்டர், மறுபடி ஒப்புதல் என்று பத்தொன்பது நாள் போயிற்று. அத்தனை நாளும் லாரித் தண்ணீர்தான். ஜனங்கள் லாரிக்குக் கொடுத்த பணத்தை ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அதில் இரண்டு மோட்டார் வாங்கியிருக்கலாம்.

அந்த நாட்களில் ஒரு மூதாட்டி கவுன்ட்டருக்கு வந்தார். கைக்குட்டை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கம்பிக்குள் தள்ளினார். தண்ணீரே வரவில்லையே, இப்போது ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "கட்டாமல் விட்டால் அதைக் காரணம் சொல்லி இன்னும் தள்ளிப்போடுவீர்களே" என்றார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஆகவே, மானியம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அதை நம்பிக் கட்டணத்தைப் பெயருக்கு வைக்க ஊர் முடிவு செய்தால் நீ எழுந்து நின்று மறுக்க வேண்டும்.

கடன் என்றால் உன் குழுவில் பாதிப் பேருக்கு நடுக்கம் என்று எழுதியிருக்கிறாய். நடுங்க வேண்டிய இடம் அது இல்லை. ஒழுங்காகப் புதைத்த நல்ல குழாய் ஐம்பது வருடத்துக்குக் குறையாமல் உழைக்கும். ஐம்பது வருடச் சுகத்துக்கு இன்றைக்குக் குடியிருப்பவர்கள் மட்டும் முழுப்பணத்தையும் எடுத்து வைப்பது என்ன நியாயம்? இருபது வருடம் கழித்து அந்த ஊருக்குக் குடிவருகிறவனும் அதே தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறான். அவன் பங்கை அவனே கொடுக்க வேண்டுமானால் கடனும் தவணையும்தான் வழி. மோட்டார் கதை வேறு. அது நடுவில் எரியாமல் உழைத்தாலும் பதினைந்து இருபது வருடச் சரக்கு. அதற்கு வாங்கிய கடனை முப்பது வருடத்துக்கு இழுத்துவிட்டு, பழைய இரும்பாகப் போன பொருளுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்காதே. குழாய்க் கடன் வேறு, மோட்டார்க் கடன் வேறு என்று அறிக்கையில் பிரித்துக் காட்டச் சொல்.

கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எழுந்து, "நூறு வாங்கி இருநூறு கட்டுவதா?" என்று சத்தம் போடுவார். கணக்கைக் கையோடு வைத்துக்கொள். நூறு பங்கு கடன், 6 சதவீத வட்டி, 25 வருடத் தவணை என்றால் வருடத்துக்கு 7.82 பங்கு. மொத்தம் 195 சொச்சம். அவர் சொல்வது கிட்டத்தட்டச் சரிதான், ஒப்புக்கொண்டுவிடு. அதையே 15 வருடத்தில் அடைத்தால் மொத்தம் 154 ஆகக் குறையும். ஆனால் வருடத் தவணை 10.30 ஆக ஏறும். அந்த ஏற்றம் யார் வீட்டு பில்லில் விழும் என்று அவரைத் திருப்பிக் கேள். எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வட்டி விகிதம்தான். 6 என்பது 5 ஆனால் 25 வருடத்தில் மொத்தம் 177. ஒரே ஒரு சதவீதத்தில் பதினெட்டுப் பங்கு மிச்சம்.

அந்த ஒரு சதவீதத்தைச் சிறிய ஊர் தனியாகப் போய்க் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். இந்தியாவில் அரசு உத்தரவாதம் இல்லாமல் முதலீட்டாளர்களிடம் நேராகக் கடன் திரட்டும் நகராட்சிக் கடன் பத்திரத்தை முதன்முதலில் வெளியிட்டது அகமதாபாத், 1998-ல், நூறு கோடி ரூபாய்க்கு. அது பெரிய நகரம், பெயரைப் பார்த்தே பணம் போட ஆள் இருந்தது. சிறிய ஊர்களுக்கு அது கைகூடாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2002-ல் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகள் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நிதியத்தின் வழியாகச் சுமார் முப்பது கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் அவற்றில் பலவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உங்களைப் போலவே தண்ணீருக்குத் தவிக்கிற ஊர்கள் பக்கத்தில் நான்கைந்தாவது இருக்காதா? கேட்டுப் பார்த்தீர்களா? மூன்று வழி என்று எழுதினாயே, இது நான்காவது.

அந்த நிறுவனத்தைப் பற்றி. தனியார் என்றாலே ஆகாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை; மீட்டர் படிப்பதையும் குழாய் பழுது பார்ப்பதையும் எங்களைவிட நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு. வேலையைக் கொடுக்கலாம். உடைமையையும் கட்டணம் நிர்ணயிக்கிற உரிமையையும் எழுதிக் கொடுக்காதே. 1799-ல் நியூயார்க்கில் ஆரன் பர் என்ற அரசியல்வாதி, நகரத்துக்கு நல்ல தண்ணீர் தருவதாகச் சொல்லி ஒரு கம்பெனிக்கு அனுமதிப் பத்திரம் வாங்கினார். மிச்ச மூலதனத்தை விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி நுழைந்திருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வங்கி ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீருக்குக் கிடைத்தது குடைந்த மரக்கட்டைக் குழாய்களும் மோசமான நீரும்தான். 1832-ல் காலரா வந்தது, 1835-ல் பெருந்தீ வந்தது, 1842-ல்தான் நகரமே கடன் வாங்கிக் கட்டிய குரோட்டன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஒரு வரிக்காக நாற்பது வருடம்! உன்னிடம் வந்திருக்கும் ஒப்பந்த வரைவில் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படி. பொலிவியாவில் கோச்சபம்பா என்ற ஊரின் குடிநீரை அந்நாட்டு அரசு தனியாரிடம் கொடுத்தது. கட்டணம் எகிறி, ஜனங்கள் தெருவுக்கு வந்து, 2000-ல் அந்த ஒப்பந்தமே ரத்தானது.

கட்டணம் என்று சொன்னதும் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த முதல் ஐம்பது லிட்டரை யாரும் தயங்காமல் கட்டக்கூடிய விலையில் வை. தோட்டத்துக்கும் கார் கழுவுவதற்கும் போகிற தண்ணீர் அந்தச் சுமையைத் தூக்கட்டும். ஆனால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கண்ட ஒன்றை அறிக்கை எழுதுகிறவர்கள் காண்பதில்லை. ஏழை வீடு மாதக் கட்டணத்தில் தவறுவது குறைவு. அவர்கள் தடுக்கி விழுவது இணைப்புக் கட்டணத்தில்தான். ஒரே நாளில் பெரிய தொகை, அதற்குமேல் தெருவிலிருந்து வீடு வரை குழாய்ச் செலவு. முடியாதென்று திரும்பிப் போய், அண்டை வீட்டாரிடம் குடம் குடமாக இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவார்கள். மானியம் வருகிறதல்லவா, அதில் ஒரு பகுதியை இங்கே போடு. இணைப்பை இலவசமாகவோ மாதத் தவணையிலோ கொடு. விலையில்லாத் தண்ணீர் என்று அறிவிப்பதைவிட இது அதிக வீட்டுக்குள் குழாயைக் கொண்டுபோகும்.

இன்னொன்று, தண்ணீர்ப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஊரின் பொதுப் பணத்தோடு கலந்தால் தெருவிளக்கும் சாலையும் அதைத் தின்றுவிடும். இங்கிலாந்தில் பர்மிங்காம் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின் 1870-களில் எரிவாயு, குடிநீர்க் கம்பெனிகளை நகரத்துக்காக வாங்கினார். எரிவாயுவில் லாபம் வந்தால் நகரத்துக்கு, குடிநீரில் மிஞ்சினால் தண்ணீர் விலையைக் குறைக்க என்று கோடு போட்டு வைத்தார். அரசியலில் அவர் செய்த மற்றவற்றை நான் மெச்சவில்லை. இந்தக் கோடு மட்டும் எனக்குப் பிடிக்கும்.

இனி வருவதில் பாதி அப்பா சொல்லி நான் எழுதுவது. புதுத் தண்ணீரைப் பழைய குழாயிலேயே விடப்போகிறார்கள் என்று பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதாம். கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர் இரவு இரண்டு மணிக்கு ஊரடங்கிய பிறகு இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து நிற்பார், உனக்கு நினைவிருக்கும். கசிவு இருந்தால் தூரத்தில் யாரோ காகிதத்தைக் கசக்குகிற மாதிரி கேட்குமாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசியும் ஓட்டை ஒரு நாளில் 1,440 லிட்டரைக் குடித்துவிடும். ஆளுக்கு ஐம்பது லிட்டர் வீதம் இருபத்தெட்டுப் பேரின் தண்ணீர். அப்படி எத்தனை ஓட்டை என்று தெரியாமல் புதுத் திட்டத்தின் அளவை எப்படி முடிவு செய்தார்கள் என்பது அவர் கேள்வி. கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993-ல் எடுத்த தண்ணீரில் 72 சதவீதம் கசிந்தும் திருட்டுப் போயும் கணக்கில் வராமல் போனது. எக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்று மீட்டர் போட்டு, கசிவை அடைத்து, பெரிய மனிதர்களிடமும் பாக்கியை வசூலித்தார். இருபது வருடத்துக்குள் இழப்பு ஆறு சதவீதமளவுக்கு வந்துவிட்டது. அரசு அமைப்புதான் அது. நமக்கெல்லாம் இது வராது என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

பழைய குழாயில் வேறு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014-ல் செலவைக் குறைக்க நீராதாரத்தை ஓர் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கி வீடுகளுக்குள் போனது. புதுத் தண்ணீரைப் பழைய குழாயோடு வைத்துச் சோதித்தார்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கு.

கடைசியாக மின்கட்டணம். என் பேரேட்டில் மாதாமாதம் பெரிய எண் அதுதான். மேலே சொன்ன பர்மிங்காமே 1904-ல் வேல்ஸ் மலையிலிருந்து 73 மைல் தொலைவுக்குக் குழாயும் கால்வாயும் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. முழுத் தூரமும் சரிவிலேயே இறங்கி வரும்படி அமைத்தார்கள், மோட்டாரே இல்லாமல். அன்றைக்கு அத்தனை தூரம் தோண்டப் பெரும்பணம் ஆயிற்று. இன்றும் அது வந்துகொண்டிருக்கிறது. உங்கள் அறிக்கையில் ஆற்றிலிருந்து ஏற்றுவதுதான் மலிவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கட்டுவதற்கு மலிவா, முப்பது வருடம் நடத்துவதற்கும் மலிவா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டச் சொல். சரிவில் வர வழியே இல்லாமலும் இருக்கலாம். அதையாவது சொல்லட்டும்.

அப்பா அருகில் நின்று நச்சரிக்கிறார். நீரை எத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்பது நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லையாம். அது தெரியாமல் மின்கட்டணத்தை எப்படிப் போட்டார்கள் என்று என்னைக் கேட்கிறார், நான்தான் போட்டமாதிரி. முழு அறிக்கையில் பார்த்து அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவரிடமே சொல், ஆனால் சத்தமாகச் சொல். பம்ப் அறையில் இருந்தே காது போயிற்று, காகிதம் கசங்குவதெல்லாம் இப்போது அவருக்குக் கேட்பதில்லை.

அன்புடன்,
அம்மா