நெடுந்தீவுக்குக் கார் வேண்டாம், ஒரு பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு வாசகர், சுற்றுலாப் பயணிகள் தங்கள் வாகனத்தோடேயே, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவில் போய் இறங்க வசதி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அதே கிழமைதான் நானும் தங்கச்சியும் அங்கே போய் வந்தோம். எங்கள் வீட்டில் வாகனம் இல்லை. எனக்கு வயது 64, அவளுக்கு 60. அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் 776 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து படகு ஏறுகிற குறிகட்டுவான் துறையில் கொண்டுபோய் விடும். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், மீன் பிடிக்க நட்ட களங்கட்டிக் கம்புகளில் சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகங்கள்.

கஷ்டம் பஸ்ஸில் இல்லை, இறங்கிய பிறகுதான். தை மாதம் முதல் முறை போனபோது படகின் பின்பக்கத்தைத்தான் கண்டோம். அடுத்த படகு எப்போது என்று மூன்று பேரிடம் கேட்டோம், மூன்று நேரம் சொன்னார்கள். கடைசியில் கும்பிட வந்த சனத்தோடு நயினாதீவுப் படகில் ஏறி, நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பினோம். அம்மன் கோபிக்க மாட்டா. ஆனாலும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டுக் கட்டியது நெடுந்தீவுக்கு.

இந்த முறை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். படகில் ஒரு மணித்தியாலம். என் காலடியில் வெங்காய மூட்டை, பக்கத்தில் காஸ் சிலிண்டர், எதிரே காகிதம் சுற்றிய புதுச் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன். நாங்கள் பார்க்கப் போகிற தீவு அவர்களுக்கு வீடு என்பது அங்கேயே விளங்கிவிடும். நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியதும், அங்கிருந்து ஓடிய குமுதினிப் படகில் 1985 மே 15 இல் கொல்லப்பட்ட பயணிகளுக்கான நினைவுத்தூபி. நாங்கள் நின்று பெயர்களை வாசித்தோம். எங்களோடு வந்து இறங்கிய ஒரு கூட்டம் நேரே பிக்கப்பில் ஏறிப் போய்விட்டது.

துறைக்குக் கிட்ட இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். என்னுடையதில் செயின் கழன்றுகொண்டே இருந்தது, அதை விடுவோம். உள்ளே போகப் போக ஒழுங்கைகளின் இரு பக்கமும் கல்வேலி. சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. பவளக் கல்லைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் மூளை மாதிரி வரி வரியான கோலம். இடுக்குகளால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது, ஓர் ஆட்டின் கண்ணும் தெரிந்தது. கார் ஒன்று திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் உரசினால் அந்த வேலி நிற்குமா? வாகனம் கேட்ட வாசகர் அந்த ஒழுங்கையில் ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்ற எங்களை ஒரு ஐயா மறித்தார். "எங்கயிருந்து வாறியள் பிள்ளையள்? உந்த வெயிலுக்க ஏன் கஷ்டப்படுறியள், ஓட்டோ பிடிச்சிருக்கலாமே" என்று பேசிவிட்டு, வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். நல்ல தண்ணீருக்கு அங்கே எவ்வளவு பாடு என்று தெரிந்தபடியால் குடிக்கவே கூச்சமாக இருந்தது. பிறகு பெருக்குமரத்தின் (பாவோபாப்) பொந்துக்குள் நின்றோம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தோம். தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு தாயும் குட்டியும் தாங்களாகவே தெருவைக் கடந்து போயின. சைக்கிளுக்குச் சத்தம் இல்லாதபடியால் குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தீவுச் சனத்துக்கு வாகனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைத் துறைக்குக் கொண்டுவருவது வேறு கதை, அதற்கு எந்த வசதி செய்தாலும் தகும். நான் சொல்வது எங்களைப் போல ஒரு நாளைக்குப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி. எங்களுக்குத் தேவை குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் ஒவ்வொரு பலகை: படகு எத்தனை மணிக்கு, கடைசிப் படகு எது, அந்தப் படகால் இறங்கினால் பஸ் இருக்கிறதா. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் அதையும் சோக்கால் எழுதி வைக்கலாம். காலை பஸ் வந்து சேரும்வரை படகு ஐந்து நிமிடம் பொறுத்தால் இன்னும் நல்லது.

திரும்பும்போது கடைசிப் படகைத் தவறவிடாமல் வந்ததற்குக் காரணம் சைக்கிள் தந்த தம்பி. நேரங்களை பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதித் தந்திருந்தார். அந்த மட்டை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. பலகை எழுதப் போகிறவர்களுக்கு வேண்டுமென்றால் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.