ரிலீஸ் பேரிங்கில் மிச்சம் பிடிக்காதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படங்களை இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1966 மஸ்டாங் கார், 289 இன்ஜின், சி4 என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. அதை இறக்கிவிட்டு 1988 மஸ்டாங்கின் டி5 என்கிற, கையால் கியர் போடும் ஐந்து கியர் பெட்டியை ஏற்றப் போகிறாய், கையில் காசும் குறைவு. தாராளமாகச் செய். முப்பது வருடம் அம்பாசடர் பெட்டிகளை இறக்கி ஏற்றியவன் நான். என் பெண் மிச்சிகனில் ஸ்பேனர் பிடிக்கிறாள் என்று பட்டறைப் பையன்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

எங்கே மிச்சம் பிடிப்பது என்று கேட்டிருந்தாய். பெட்டியை இறக்காமல் பிறகு மாற்றக்கூடிய எதிலும் பிடிக்கலாம். பெடல் செட் பழைய வண்டியில் கழற்றியது போதும். கியர் ராடு, ரப்பர், கார்ப்பெட் எல்லாம் மெதுவாக வாங்கு. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்குக்குள்ளே போவதில் மட்டும் மிச்சம் பிடிக்காதே.

பட்டறை வைத்த புதிதில் ஒரு வாடகை வண்டிக்கு கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினேன். பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது, அதையே போட்டுவிட்டேன். இருபது நாளில் கத்திக்கொண்டு வந்து நின்றது. கூலி வாங்காமல் மறுபடி இறக்கி ஏற்றினேன். ஆனாலும் அந்த டிரைவருக்கு இரண்டு நாள் சவாரி போனது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது பிளைவீல், கிளட்ச் பிளேட் அழுந்தும் கனமான சக்கரம். 88 வண்டியிலிருந்து பெட்டியோடு சேர்ந்து வரும் பிளைவீல் உன் இன்ஜினின் கிராங்க் ஷாப்ட்டில் அழகாக உட்காரும், போல்ட்டும் ஏறும். அதுதான் ஆபத்து. உன் 289க்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ் (சுழற்சியைச் சமன் செய்யும் எடைக் கணக்கு); அந்த 5 லிட்டர் இன்ஜினுக்கு 50. மாற்றிப் போட்டால் வண்டி முழுக்க உதறும், நாளடைவில் மெயின் பேரிங்கைத் தின்றுவிடும். 28க்கு உரியதைப் புதிதாகவே வாங்கு.

ஆட்டோமேட்டிக் வண்டியின் கிராங்க் முனையில், பெட்டியின் ஷாப்ட் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் இருக்காது. பலர் மறப்பது இதைத்தான். பெட்டியை ஏற்றும் முன் அதை அடித்து உட்கார வை. பெல் ஹவுசிங்கை மட்டும் மாட்டி, பிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, நடு ஓட்டையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று பார். இஞ்சில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் முள் ஆடினால் மையம் சற்றே விலகிய ஆஃப்செட் டவல் பின் போட்டு பெல் ஹவுசிங்கை நேராக்கு. சோம்பலில் விட்டால் கியர் விழாமல் அடம்பிடிக்கும், நீ பெட்டியைக் குறை சொல்வாய்.

கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் நியூட்ரல் ஸ்விட்ச் சி4ஓடு போய்விடுவதால் ஸ்டார்ட்டர் சுற்றாது. அந்த ஒயரை கிளட்ச் பெடல் ஸ்விட்சுக்குக் கொண்டுபோ. ஸ்விட்ச் இல்லாமல் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிவிடாதே, கியரில் இருக்கும்போது சாவி திருப்பினால் வண்டி பாயும். அப்புறம், டி5இல் கெட்டி கியர் ஆயில் ஊற்றாதே. 88 பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் எண்ணெய்தான்.

இத்தனை பாடும் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். நாலாவதை 1 என்று வைத்தால் ஐந்தாவது கியர் 0.68. நாலாவதில் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றும் வேகத்தில் ஐந்தாவதில் 2040 சுற்றினால் போதும் என்றேன். நெடுஞ்சாலையில் இன்ஜின் மூச்சு வாங்காமல் போகும்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே. நான்கு ஸ்டாண்டு வை, வைத்துவிட்டு ஆட்டிப் பார். இதில் எனக்குச் சமாதானம் சொல்லாதே, படம் எடுத்து அனுப்பு.

பெட்டியிலிருந்து கிளட்சுக்குள் நீளும் இன்புட் ஷாப்ட்டின் முனையையும் பல் இருக்கும் இடத்தையும் வெர்னியரில் அளந்து எழுது. பிளேட்டை நடுவாக நிறுத்த அதே அளவில் டம்மி ஷாப்ட் வேண்டும். அங்கே பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும், தெரியும். இருந்தாலும் பக்கத்து லேத்தில் நானே நின்று கடைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா