வாள் இருந்தால் மட்டும் ரோல்-பிளேயிங் கேம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்கள் பற்றிய தங்கள் கட்டுரை, 1986-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வை ரோல்-பிளேயிங் கேம் என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு வந்த 'டிராகன் குவெஸ்ட்'தான் ரோல்-பிளேயிங் கேம். அதில் சண்டையில் ஜெயித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறி நாயகனின் பலம் கூடும். அங்கே விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. செல்டாவில் எத்தனை எதிரிகளை வெட்டினாலும் நாயகன் லிங்க் வலுவடைய மாட்டான். தேடி எடுக்கும் வாளும், உயிரளவைக் கூட்டும் இதயக் கலமும்தான் அவன் வளர்ச்சி. 1987-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அனுபவப் புள்ளி உண்டு. அதைச் சொல்லியிருந்தால் பொருந்தும்.

செல்டாவின் உயிர் அதன் புதிர்கள். அதில் வரும் 'தொலைந்த காட்டை'க் கடக்க வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்ற வரிசையில் நடக்க வேண்டும். தவறினால் அதே திரை மீண்டும் வரும். வழியை ஒரு கிழவி காசுக்குச் சொல்வாள். குறைத்துக் கொடுத்தால் வாய் திறக்க மாட்டாள். எவ்வளவு அழகான அமைப்பு!

நீலகிரியில் இந்த கேம் அடங்கிய அசல் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மழைக்கால ஈரத்தில் அதன் உலோக முனைகளில் (பின்கள்) களிம்பு ஏறும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு இன்னும் கெடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருகுங்கள். சேமித்த ஆட்டம் அழிந்தால் உள்ளிருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். தகடு பொருத்திய பேட்டரியையே வாங்குங்கள். சாதாரண பேட்டரியில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வெடிக்கக்கூடும். சேமித்த ஆட்டம் அழியாமலிருக்க, கேம் கருவியை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை நிறுத்துங்கள்.

வாசகர்,
குன்னூர்