ஆயிரம் தலைமுறையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆன்மிகப் பக்கத்தில், பைபிளின் முதல் பகுதியும் யூதர்களின் வேதமுமான பழைய ஏற்பாட்டின் கடவுள் தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பவர் என்றும், இரக்கம் என்பதே புதிய ஏற்பாட்டில்தான் வருகிறது என்றும் ஒரு வரி இருந்தது. ஆதாரமாக அந்தப் பழைய ஏற்பாட்டில் வரும் யாத்திராகமம் 20:5-ஐப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பேன் என்கிற வசனம். அது அங்கே முடியவில்லை. என்னிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கோ ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் செய்கிறேன் என்று 6-ஆம் வசனத்தில் தொடர்கிறது. நடுவில் வெட்டிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாத வசனமா இது? தெரிந்தவர்கள் செய்ததால்தான் மனசு அதிகம் வலிக்கிறது.

ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் பிறவியிலேயே காது கேளாதவன். அது தெரியவந்த சமயத்தில் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர் இதே 5-ஆம் வசனத்தைத்தான் வாசித்தார், இதே இடத்தில்தான் நிறுத்தினார். முன்னோர் சாபம், உபவாசம் இருந்துதான் முறிக்க வேண்டும் என்றார். தாத்தா என்ன செய்தார், மாப்பிள்ளை வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று பெற்றவள் முன்னாலேயே குடைந்து குடைந்து கேட்டார். அப்புறம் பல வருடம் என் தங்கை கோயில் பக்கமே போகவில்லை.

அவளை மறுபடி ஜெபிக்க வைத்தது எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம். அதுவும் பழைய ஏற்பாடுதான், ஐயா. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள், பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று பழமொழி சொல்லிப் புலம்புகிறார்கள். இனி இந்தப் பழமொழியையே நீங்கள் சொல்லக் கூடாது என்கிறார் கடவுள். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 20-ஆம் வசனத்தில் தெளிவாகவே இருக்கிறது. சாகிறவனுடைய சாவை நான் விரும்பவில்லை, மனந்திரும்பிப் பிழையுங்கள் என்று அதிகாரம் முடிகிறது. அதை என் தங்கைக்கு வாசித்துக் காட்டியவள் நான். அவள் அழுத அழுகையும் எனக்குத் தெரியும்.

இது பேச்சோடு நின்ற விஷயமும் இல்லை. யூதாவின் ராஜா அமத்சியா, தன் தகப்பனைக் கொன்ற ஊழியக்காரரைக் கொன்றான். அவர்கள் பிள்ளைகளைத் தொடவில்லை. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்பட வேண்டாம் என்று மோசேயின் சட்டத்தில் எழுதியிருந்ததே காரணம் என்று 2 இராஜாக்கள் 14 சொல்கிறது. அந்தக் காலத்து ராஜாக்களிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

பழைய ஏற்பாட்டில் கோபமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டு, கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் உடைந்து, எல்லாம் முடிந்துபோனது என்ற நிலையில்தான், 'இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும்' உள்ளவர் என்று கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார். யாத்திராகமம் 34-இல் வரும் அந்த வார்த்தைகள் சங்கீதங்களிலும் நெகேமியாவிலும் யோவேலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நினிவே நகரத்தை எச்சரிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனாவோ அதையே புகாராகச் சொல்கிறான். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதான் தர்ஷீசுக்கு ஓடினேன், நினிவேயை மன்னித்துவிட்டீரே என்று. வலக்கை இடக்கை வித்தியாசம் அறியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மேல் இருக்கிற ஊர், மிருகஜீவன்களும் இருக்கின்றன, நான் பரிதபிக்க வேண்டாமா என்பதுதான் கடவுளின் பதில். யூதர்கள் தங்கள் பாவநிவிர்த்தி நாளில் பிற்பகல் ஆராதனையில் இந்த யோனா புத்தகத்தைத்தான் வாசிக்கிறார்கள். அவர்களுடைய வேதத்தில் இரக்கம் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்கள் இதழில் இது புதிதும் அல்ல. கிறிஸ்துமஸ் சிறப்பிதழில், பிறனிடத்தில் அன்புகூருவதை இயேசுதான் முதன்முதலில் சொன்னார் என்று வந்தது. அது லேவியராகமம் 19:18. அவரே அங்கிருந்துதான் எடுத்துச் சொன்னார். அரசியல் பக்கத்தில் பழிவாங்கல் என்றாலே 'கண்ணுக்குக் கண்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். யூத வேத ஆசிரியர்களான ரபிமார் அதைக் காயத்துக்கு நஷ்டஈடு என்றே விளக்கினார்கள். இதையெல்லாம் முன்பே எழுதினேன். நீங்கள் பிரசுரித்தது, சிறப்பிதழ் அழகாக இருந்தது என்ற என் முதல் வரியை மட்டும். நீண்ட நாள் வாசகிக்கு அந்த மரியாதையாவது கிடைத்ததே என்று சும்மா இருந்துவிட்டேன். இந்த முறை என்னால் முடியவில்லை.

மறுப்புக் கட்டுரை எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பெட்டியில், அதே எழுத்தளவில், 6-ஆம் வசனத்தைப் போடுங்கள். பக்கத்தில் இடம் இருந்தால் எசேக்கியேல் 18:20-ஐயும்.

இப்படிக்கு,
வாசகி, பாளையங்கோட்டை