அசாய்லி என்றொரு சொல்

எடின்பரோ

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் வரப்பு வழக்கை மறுபடியும் போட்டிருக்கிறார்கள் என்ற வரியைத் தாண்டி மனம் நகரவில்லை. போன தடவை மனுவில் குறை என்று சொல்லித் தள்ளினார்களே தவிர, நிலம் யாருடையது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பாடு.

மகள் வீட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. குளிர்தான். போன வாரம் இங்குள்ள பழைய நாடாளுமன்ற மண்டபத்துக்குப் போனேன். 1639இல் கட்டி முடித்தது. ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் 1707இல் கலைந்த பிறகு அது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. மாபெரும் மரக் கூரையின் கீழே வக்கீல்கள் இரண்டிரண்டு பேராக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்துகொண்டே பேசுகிறார்கள். நின்று பேசினால் அடுத்தவர் காதில் விழுந்துவிடும் என்பதால் வந்த வழக்கமாம்.

அங்கே உன்னை நினைக்கவைத்தது ஒரு சொல். பிரதிவாதியை முழுதாக விடுவிக்கும்போது, அவரை 'அசாய்லி' செய்வதாக இந்த ஊர் நீதிமன்றம் எழுதுகிறது. வெறும் தள்ளுபடி என்றால் வாதி திரும்ப வரலாம். அசாய்லி செய்துவிட்டால் அதே வழக்கோடு மறுபடி படியேற முடியாது. உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

இந்தச் சொல் பிறந்தது நீதிமன்றத்தில் அல்ல, கோயிலில். பாதிரியார் பாவத்திலிருந்து விடுவிப்பதற்கும், திருச்சபை தன் தண்டனையை நீக்குவதற்கும் இதுவே சொல். 1306 பிப்ரவரியில் ராபர்ட் புரூஸ் தன் போட்டியாளரான ஜான் காமினை டம்ஃப்ரீஸ் தேவாலயத்துக்குள்ளேயே கொன்றார். கிளாஸ்கோ பிஷப் விஷார்ட் அவருக்குப் பாவ விடுதலை கொடுத்தார். அடுத்த மாதமே புரூஸ் அரசரானார். அந்த ஒரு விடுதலைக்குள் எத்தனை அரசியல்! இறந்த அரசரின் பெயரை எழுதும்போது, 'கடவுள் அவரை அசாய்லி செய்வாராக' என்று சேர்த்து எழுதும் வழக்கமும் பழைய ஸ்காட்லாந்தில் இருந்தது. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

வேரைத் தேடிப் போனால் பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. அங்கே அடிப்பொருள் கட்டை அவிழ்ப்பது. நம் 'விடு' விடுதலையாகி, அறம் பொருள் இன்பத்துக்குப் பிறகு 'வீடு' ஆகவும் நிற்கிறதே, அதை நினைத்துக்கொண்டேன்.

எழுத்திலும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் assoilzie என்று எழுதும் இந்தச் சொல்லின் நடுவே 'இசட்' இருக்கிறது, யாரும் அதை உச்சரிப்பதில்லை. அது உண்மையில் 'யோக்' என்ற பழைய எழுத்து, ஏறத்தாழ நம் யகர ஒலி. அச்சகத்தாரிடம் அந்த அச்சு இல்லாததால், பார்வைக்கு ஒத்திருந்த இசட்டைக் கோத்துவிட்டார்கள். மிங்கிஸ் (Menzies) என்ற குடும்பப் பெயரை வெளியூர்க்காரர்கள் 'மென்சீஸ்' என்று வாசிப்பதும் இதனால்தான். ரோமன் எழுத்தில் நம் ழகரம் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

அடுத்த வாய்தா எந்தத் தேதி? மறக்காமல் எழுது. தை பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிடுவேன். வாய்தா அன்று உன்னோடு கோர்ட்டுக்கு வருகிறேன். பழைய பத்திரத்தையும் புல வரைபடத்தையும் எடுத்துவை, இருவருமாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்