சயாமுக்குப் போன உன் கொள்ளுத் தாத்தாவைத் தேடுவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்கு மலாயாவின் கெடா தோட்டத்திலிருந்து பிடித்துப் போன உன் கொள்ளுத் தாத்தா, தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் இருப்பாரா என்று கேட்டிருந்தாய். அங்கே தேடாதே. அங்கே இருக்கும் ஏறக்குறைய 7,000 பேரும் போர்க்கைதிகள், பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுச் சிப்பாய்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கைதிகளின் குழிகள் எப்படிக் கிடைத்தன தெரியுமா? 415 கிலோமீட்டர் பாதையில் காலரா, சீதபேதி, அழுகிய கால்புண் என்று விழுந்தவர்கள் பலரை ஆற்றோரம் சுங்காய் போன்ற ஆஸ்பத்திரி முகாம்களுக்கு இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். மூங்கில் தட்டி, ஓலைக்கூரை. செத்தவர்களைக் கைதிகளே பக்கத்தில் புதைத்து, பெயரும் தேதியும் எழுதி, காவலர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். 1945-இல் போர் முடிந்த கையோடு அவர்களில் சிலரே பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டார்கள். பிறகு எலும்புகளைக் காஞ்சனபுரிக்கும் பர்மாவின் தான்பியுசயாத்துக்கும் மாற்றினார்கள். சுங்காய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காலராவில் எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்களுக்கும் பெயர்ப்பட்டியல் உண்டு.

கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் அதைப் போலப் பல மடங்கு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் யாரும் வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 1990-இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே இடத்தில் கிடைத்தபோதும் யார் யார் என்று சொல்ல வழியில்லை.

ஆனாலும் பிடித்துப் போக ஒரு நூலிழை இருக்கிறது. 1943-இல் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து ஜப்பானியர் 'கே', 'எல்' என்ற பெயர்களில் கைதி மருத்துவர்களின் இரண்டு குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். எந்த முகாமில் என்ன நோய் என்று அவர்கள் எழுதியவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் தாத்தாவின் பெயரைத் தேடிப் பயனில்லை. முகாமைத் தேட வேண்டும்.

சரி, அதற்கு முன் வீட்டிலிருந்து தொடங்கு. தோட்டத்தின் பெயர், கூட்டிப்போன கங்காணி யார், கூடப் போய்த் திரும்பி வந்தவர் எந்த ஊரைச் சொன்னார், அது மழைக்காலமா — அத்தையிடம் இதையெல்லாம் கேள். அந்த வயதுக்காரர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்களோ. முகாம் பெயர் அரைகுறையாக நினைவிருந்தாலும் அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்