தீர்ப்பாயப் பதிவகத்தில் யாரைக் கேட்பது? மாவட்ட ஆட்சித் தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர் ஒருவர்,
காங்கேயம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்ட முப்படை வீரர் வாரியம்.

பொருள்: தீர்ப்பாணையில் உள்ள ஒற்றை இலக்கப் பிழையைத் திருத்தித் தரவும், ஆயுதப்படைத் தீர்ப்பாய ஊழியர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதைத் தெளிவுபடுத்தவும் வேண்டுதல்.

பார்வை: முன்பு கொடுத்த மனுக்கள் (ரசீதுகள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். தேங்காய்க் களங்கள் உள்ள அந்தப் பாதையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். மழையை நம்பிய பூமி என்பதால்தான் நானும் என் அண்ணனும் பட்டாளத்துக்குப் போனோம். அண்ணன் உடல்நலம் கெட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைக்காததால் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். முடிவு வரும் முன்பே இறந்துவிட்டார். என் நங்கையா (அண்ணனின் மனைவி) வாரிசாகச் சேர்ந்து வழக்கை நடத்தினார், தீர்ப்பும் சாதகமாக வந்தது. தீர்ப்புச் சொன்ன உறுப்பினர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததில்தான்.

1. தட்டச்சான ஆணையில் அண்ணனின் படை எண்ணில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருக்கிறது. வழக்கு மனுவிலும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் எண் சரியாக உள்ளது. நிலுவைத் தொகைக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் காகிதம் அனுப்பினால், எண் ஒத்துப்போகவில்லை என்று அப்படியே திரும்பி வருகிறது.

2. தீர்ப்பு கையில் இருந்தும் நங்கையா இன்றும் களத்துக்கு வேலைக்குப் போகிறார். விடியும் முன்பே போய் உட்கார்ந்து, உடைத்த தேங்காயை வெயிலில் மலர்த்திப் பரப்பி, காய்ந்ததும் தொட்டியிலிருந்து (சிரட்டையிலிருந்து) பருப்பைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். கத்தி வழுக்கிய தழும்புகள் இடது கையெங்கும் இருக்கின்றன. மழை வந்தால் களம் இல்லை, கூலியும் இல்லை. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கும் பணத்தை, நகல் எடுக்கவும் பதிவுத் தபாலுக்கும் செலவழிக்கிறார். ஆணையை மஞ்சப்பையில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருகிறார். "ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏனுங்க பணம் வரலை?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

3. பிழையைத் திருத்தக் கேட்டால், அந்தப் பிரிவு எழுத்தர் வேறு அலுவலகத்திலிருந்து அயல்பணியில் (தற்காலிகமாக) வந்தவர், பழைய அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார் என்கிறார்கள். சரி, அவருக்கு மேல் யார் என்றால் டெல்லிக்கு எழுதச் சொல்கிறார்கள். டெல்லியில் ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். தீர்ப்பாயம் தனி அமைப்பு, அங்கேயே கேளுங்கள் என்று பதில் வந்தது.

அதனால் சட்டத்தையே எடுத்துப் படித்தேன் ஐயா. 2007ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஊழியர்கள் தீர்ப்பாயத் தலைவரின் பொதுக் கண்காணிப்பில் வேலை செய்ய வேண்டும். அந்தத் தலைவர் இருப்பது டெல்லி முதன்மை அமர்வில். ஆனால் என்னென்ன பணியிடங்கள், என்ன சம்பளம், என்ன பணி நிபந்தனை என்பதையெல்லாம் முடிவு செய்வது மத்திய அரசு. அதாவது பாதுகாப்பு அமைச்சகம். எங்களைப் போன்றவர்கள் போடும் வழக்குகளில் எதிர்மனுதாரரும் அந்த அமைச்சகம்தான்! கண்காணிப்பு ஒருவரிடம், பணி நிபந்தனை இன்னொருவரிடம் என்றால் கிளையில் உள்ள எழுத்தர் யாருக்குப் பயப்படுவார்?

இது நான் மட்டும் சொல்வதல்ல. தீர்ப்பாயங்கள் எல்லாம் ஒரே அமைச்சகத்தின் கீழ் வர வேண்டும், அது சட்ட அமைச்சகமாக இருப்பது நல்லது என்று 1997இலேயே சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தைச் சட்ட அமைச்சகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2012இல் உத்தரவிட்டது. தேசியத் தீர்ப்பாயங்கள் ஆணையம் அமைக்க வேண்டும் என்று 2020இல் மீண்டும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை பெரிய நீதிமன்றங்கள் சொல்லியும், ஒரு எண்ணைத் திருத்த யாரைக் கேட்பது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே!

4. கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் ஐயா. ஆனால் கோபம் வராமலும் இல்லை. கொடுத்த மனுவுக்கெல்லாம் ரசீது மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை.

5. அமைச்சகத்தையோ தீர்ப்பாயத்தையோ மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பது தெரியும். ஆனால் மாவட்ட வாரியத் தலைவர் என்ற முறையில் தாங்கள் ஒரு டி.ஓ. கடிதம் (அதிகாரி பெயரிட்டு நேரடியாக எழுதும் அலுவல் கடிதம்) எழுதினால், எங்கள் மனுவைப் போல அது மூலையில் கிடக்காது. தீர்ப்பாயப் பதிவாளருக்கு எழுதி, எண் திருத்திய ஆணையின் சான்றிட்ட நகலைப் பெற்றுத் தாருங்கள். ஒவ்வொரு கிளையிலும் எழுத்துப்பிழை, நகல் தாமதம் போன்றவற்றுக்குப் பொறுப்பான அதிகாரி யார், அவருக்கு மேல் யார், எத்தனை நாளில் பதில் வரும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடவும், அயல்பணியில் வந்தவர் திரும்பும்போது கோப்புகளைக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கச் செய்யவும், மாநில அரசு வழியாகத் தீர்ப்பாயத் தலைவருக்குப் பரிந்துரை அனுப்புங்கள்.

முதலில் அந்த எண்ணைத் திருத்தித் தாருங்கள் ஐயா. 1 இருக்கும் இடத்தில் 7. இதற்கு விசாரணை வேண்டாம், வாய்தா வேண்டாம். வழக்கு எண்ணும் கிளை விவரமும் டிஸ்சார்ஜ் புத்தக நகலும் இணைத்துள்ளேன். அடுத்த முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு நங்கையாவையும் அழைத்து வருகிறேன். அதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்